நெஞ்சொலி கேட்ட மழைநாள்

என் ராசாவுக்கு,

கல்யாணத்துக்கு வாங்கி வந்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பந்தலையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீயும் உன் மனைவியும் திருத்தங்கல் வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு இங்கே சாத்தூர் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. உன் அப்பா படித்து முடித்த செய்தித்தாளையே மறுபடியும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார். அவருக்கும் உன் நினைப்புத்தான்.

கல்யாணத்தன்று காலையில் நடந்தது ஒன்று உனக்குத் தெரியாது. பட்டுச்சேலை கட்ட எனக்கு உதவி செய்ய வந்தாள் உன் மனைவி. முந்தானையைச் சரிசெய்யும்போது என் இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை போகிற தழும்பு அவள் கண்ணில் பட்டுவிட்டது. 'அத்தை, இது என்ன?' என்று மெல்லக் கேட்டாள். அதற்குள் மேளம் கொட்டிக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நேற்று அவள் போனில் பேசினாள். உன்னிடம் கேட்டாளாம். அம்மாவுக்குச் சின்ன வயதில் ஏதோ ஆபரேஷன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றாயாம். உண்மைதான், உனக்குத் தெரியாது. நாங்கள் மறைக்கவில்லை. சொல்ல உட்காரவும் இல்லை. ஆகவே இப்போது சொல்கிறேன். இதை அவளும் படிக்கட்டும். உன் புது பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நீ வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

நான் பிறந்தது எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் என்பது உனக்குத் தெரியும். வானம் பார்த்த கரிசல் நிலம் கொஞ்சம் இருந்தது. பருத்தியும் சோளமும் போடுவோம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. அது விட்ட கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. அந்த வீக்கம் வடிந்ததும் கணுக்கால் வீங்கியது, பிறகு மணிக்கட்டு. தரையில் கால் ஊன்ற முடியாமல் அழுவேன். என் அம்மா நொச்சித் தழையை வதக்கிச் சூட்டோடு கட்டுப் போட்டாள். வந்த மாதிரியே ஒரு நாள் எல்லா வீக்கமும் போய்விட்டது. வளருகிற பிள்ளைக்கு இப்படி வருவதுதான் என்று ஊரில் சொன்னார்கள். நாங்களும் மறந்துவிட்டோம்.

மழை இல்லாமல் போன வருஷங்களில் ஊர்ப் பெண்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினோம். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் போல ஆகியிருந்த காலம் அது. விடிந்ததும் தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு கூட்டமாக நடப்போம். அந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும். ஒருத்தி பாட, ஒருத்தி மாமியாரைப் போல நடித்துக் காட்ட, ஓடைக்கரையில் இலந்தைப் பழம் பொறுக்கித் தின்றபடி போவோம். கம்பெனியில் எங்களுக்குச் சரம் பின்னுகிற வேலை. சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். வெடி சுற்றிய தாளின் சிவப்புச் சாயம் விரலில் ஏறிவிடும். எத்தனை கழுவினாலும் சோற்றில் லேசாகச் சிவப்பு ஒட்டும். அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்போம். அந்த அறையிலேயே வேகமாகப் பின்னுகிறவள் என்று எனக்குப் பெயர் இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடப்பதுதான் பாடாக இருந்தது.

கொஞ்ச தூரம் போவதற்குள் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இளைப்பு இருக்கிறது என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். காலில் முள் குத்திவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். குனிந்து பாதத்தை நோண்டுவது மாதிரி மூச்சைச் சரிசெய்துகொள்வேன். பிறகு எழுந்து ஓடிப்போய்க் கூட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். ஓடியதில் மறுபடி மூச்சு வாங்கும், மறுபடி முள் குத்தும்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவள் சண்முகத்தாய் மதினி. சண்முகத்தாய் அத்தை என்று சொல்ல வராமல் உன் மழலை வாயில் 'சம்மத்தை' ஆனவள். உனக்கு அவள் முகம் நினைவிருக்குமோ என்னவோ. எனக்குச் சொந்தம் எல்லாம் இல்லை, அடுத்த தெரு. நான்கு பிள்ளை பெற்றவள். நல்ல உயரம், கனத்த உடம்பு, அறை முழுவதும் கேட்கிற மாதிரி பேச்சு. அவள் கொண்டுவருகிற கஞ்சிக்குக் கருவாடோ மோர் மிளகாயோ இல்லாமல் இருக்காது. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைப்பாள்.

அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் தாள் சுருட்டுகிற பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். வலி வந்ததும் மூச்சுத் திணறி, வண்டி கட்டி டாக்டரம்மாவிடம் கொண்டுபோவதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. இந்த டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருத்தங்கலில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். ஒல்லியான அம்மா. வெள்ளைச் சேலைதான் கட்டுவார். அந்தப் பெண் பிரசவத்தால் சாகவில்லை, அவளுக்கு இதயத்தில் வெகுநாளாக நோய் இருந்திருக்கிறது, யாரும் ஒரு தடவைகூட அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னாராம். மறுவாரமே எங்கள் முதலாளியிடம் வந்து, இங்கே வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரையும் சோதித்துப் பார்க்க வேண்டும், ஒரு நாள் விடுங்கள் என்று கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் லோடு ஏறுகிற நேரம். வெயில் அடிக்கிற நாளில் வேலையை நிறுத்த முடியாதம்மா, மழை பெய்தால் எப்படியும் வேலை கிடையாது, அன்றைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தம்மா மழைக்குக் காத்திருந்தார். ஐப்பசியில் வானம் கறுத்துப் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், குடையும் பெட்டியுமாகக் குதிரைவண்டியில் வந்து இறங்கிவிட்டார். நாங்கள் வீட்டுக்கும் போக முடியாமல் கொட்டகையில் ஒண்டியிருந்தோம். அவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் பயம். நோய் இருக்கிறது என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு பரவியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார் போல. முதலாளியை வாசலுக்குக் கூப்பிட்டு எங்கள் முன்னால் நிறுத்தினார். எந்த நோய் இருந்தாலும் யாரையும் வேலையை விட்டு நிறுத்தமாட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வைத்தார். பிறகு ஆண்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு மூலையில் சேலையை மறைப்பாகக் கட்டினார்.

முதலில் எழுந்தவள் சண்முகத்தாய் மதினிதான். ஒரு ரப்பர் பட்டையை அவள் கையில் சுற்றிக் காற்றடித்து, பெட்டியில் பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தார் டாக்டரம்மா. மறுபடி பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தார். தலைவலி உண்டா, கண் இருட்டுமா என்று கேட்டார். தனக்கு ஒன்றுமே இல்லை என்று மதினி சிரித்தாள். உனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, அதிகமாகவே இருக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றார். கஞ்சிக்கு உப்பில்லாமல் எப்படி இறங்கும் என்று மதினி கேட்டதற்குக் கொட்டகையே சிரித்தது.

அடுத்து என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். டாக்டரம்மா குழாயை என் நெஞ்சில் வைத்தார். அவர் முகம் மாறியது. பாயில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் எதைத்தான் கேட்கிறாரோ என்று நினைத்தேன். இவ்வளவு பொறுமையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, ராசா. நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்றார். இல்லை என்றேன். மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினியின் குரல் வந்தது.

"பொய் சொல்லாத புள்ள. வண்டிப் பாதையில தெனமும் ஒனக்கு மட்டும் ஏது அம்புட்டு முள்ளு?"

அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், நான் உட்காருகிற இடத்தில் தானும் நின்று, சேலையை உதறிக் கட்டுகிற சாக்கில் கூட்டத்தைத் தாமதப்படுத்தியிருக்கிறாள். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் அழுதுவிட்டேன். சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். வந்தது என்றேன்.

"அந்தக் காய்ச்சல் மூட்டுக்கு வந்துட்டுப் போயிட்டுது. இதயத்துக்கு வந்தது போகல," என்றார். "ரத்தம் போற வாசல் ஒண்ணு உள்ள சுருங்கிக் கிடக்கு. உன் மேல தப்பு இல்ல, சோம்பலும் இல்ல. இது நோய். இதுக்கு வைத்தியம் இருக்கு."

மதினி தனக்கும் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். டாக்டரம்மா குழாயை அவள் காதில் மாட்டினார். வண்டிச் சக்கரம் மணலில் உருளுகிற மாதிரி சத்தம் வருகிறது என்றாள் மதினி, முகம் சுண்டிப்போய். தன் நெஞ்சையும் கேட்டுவிட்டு, என்னுடையது நன்றாகத்தான் அடிக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள். சத்தம் நன்றாக இருக்கிறது, அழுத்தம் நன்றாக இல்லை, இரண்டும் வேறு வேறு என்றார் டாக்டரம்மா. அது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி போட வேண்டும், அந்தக் காய்ச்சல் மறுபடி வந்தால் வாசல் இன்னும் சுருங்கும் என்றார். ஆபரேஷன் செய்தால் குணமாக வழி உண்டு, வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இப்போது செய்கிறார்கள், ஏழைகளுக்குத் தர்ம வார்டும் இருக்கிறது என்றார். அதுவரை பிள்ளை உண்டாகக் கூடாது என்பதைத்தான் அழுத்தி அழுத்திச் சொன்னார். இறந்துபோன பெண்ணின் முகம் எல்லோருக்கும் நினைவில் இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அந்த நேரத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். சாத்தூர்க்காரர், சிவகாசியில் லித்தோ பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து வாசல் கதவைச் சாத்தினாள்.

"இத வெளிய சொன்னா ஒன்ன எவன் எடுப்பான்? வாய மூடிட்டு இரு தாயி. கழுத்துல ஒண்ணு ஏறட்டும், பொறகு பாத்துக்கிடலாம்."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு அதைவிட்டால் வேறு வழி தெரிந்திருக்காது. என்னைப் பெற்ற அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மாதா மாதம் மதினி என்னைத் திருத்தங்கலுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தாள். அவளும் அப்போதெல்லாம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் தை பிறந்து கல்யாணப் பேச்சு நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் ஆனால் பிள்ளை உண்டாகும், பிள்ளை உண்டானால் அந்தப் பெண் போன வழியில்தான் நானும் போவேன். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாமலே அது நடக்கும்.

விருதுநகர்க் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு இரண்டு வீட்டாரும் போயிருந்தோம். உனக்கு அந்தக் கூட்டம் தெரியும். அப்போது ராட்டினமும் பொருட்காட்சியும் எங்களுக்கு இன்னும் பெரிய அதிசயம். பெரியவர்கள் கோயிலுக்குள் போயிருந்த நேரத்தில், உன் அப்பா சேவுப் பொட்டலத்தை எங்களிடம் நீட்ட வந்தார். மதினி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வளையல் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கு நெஞ்சுல சீக்கு இருக்கு. டாக்டரம்மா பாத்துச் சொல்லியிருக்காக. ஆப்பரேசன் பண்ணாமப் பிள்ளை பெக்கக் கூடாதாம். மறைச்சு வச்சு ஒங்களக் கட்டிக்கிட எனக்கு மனசு வரல."

நான் நிமிர்ந்து பார்த்தபோது, அவர் விரலில் ஒட்டியிருந்த அச்சு மசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். சரியாகும் என்கிறார்கள், உறுதியாகச் சொல்ல மாட்டார்களாம் என்றேன்.

"அப்பப் பண்ணிட்டு வா. நான் எங்கன போகப் போறேன்."

இவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கு வரை உன் அப்பா என்னிடம் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான் என்று நான் கேலி செய்வேன். விஷயம் தெரிந்ததும் அவருடைய அண்ணன் சம்பந்தமே வேண்டாம் என்றார். வேறு பெண் பார்த்து ஆள் அனுப்பினார். உன் அப்பா அந்தப் பெண் வீட்டுப் பக்கமே போகவில்லை. என் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். நான் ஊசிக்குப் போகிற நாளில் திருத்தங்கல் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சைக்கிள் நிற்கும். அதன் மேல் சாய்ந்துகொண்டு உன் அப்பா நிற்பார். கிட்டே வர மாட்டார், பேச மாட்டார். நாங்கள் பஸ் ஏறிய பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்விடுவார். ஊசி போட்ட இடம் வீட்டுக்கு வரும்வரை வலிக்கும். ஆனாலும் அடுத்த மாதம் எப்போது வரும் என்று இருக்கும்.

டாக்டரம்மா எழுதிப்போட்டு, மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொல்லிப் பதில் வந்தது. என் அய்யாவும் சண்முகத்தாய் மதினியும் கூட வந்தார்கள். புறப்படுகிற அன்று காலையில் என் அம்மா என் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். பின்னி முடித்த பிறகும் சடையைக் கையிலிருந்து விடவில்லை. சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அதற்கு முன்னால் நான் ரயிலில் போனதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சாவுக்குப் போகிறேனா பிழைப்புக்குப் போகிறேனா என்று தெரியாமலே வயலும் வாய்க்காலுமாக ஓடுகிற ஊர்களை ஆசையாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த வார்டில் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் பேசுகிற பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரிகள், எல்லோரும் ஏழைகள், எல்லோருக்கும் சின்ன வயதில் மூட்டு வீங்கியிருந்தது. பாஷை புரியாவிட்டாலும் முழங்காலைத் தொட்டுக் காட்டினால் போதும், தலையாட்டுவார்கள். விலாவுக்கு இடையில் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு, சுருங்கிய வாசலை விலக்கிவிடுவோம் என்று பெரிய டாக்டர் அய்யாவிடம் விளக்கினார். கேட்ட அய்யா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மதினி மட்டும் அந்த டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என் காதில், இந்த மாதிரி விரலை நம் கம்பெனிக்குக் கூட்டிப்போனால் சரம் எவ்வளவு நன்றாகப் பின்னும் என்றாள். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நான் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

கண் விழித்தபோது பொறுக்க முடியாத வலி. ஆனால் சில நாள் கழித்து, மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தேன். கடைசி வரை போய்த் திரும்பினேன். மூச்சு வாங்கவில்லை. அங்கே ஒரு வேப்பமரம் பூத்திருந்தது. அந்த வாசம் நெஞ்சின் அடி வரை போனது. மூச்சு என்றால் இவ்வளவு உள்ளே போகுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. உன் பெரியப்பாவும் வந்தார். டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் உன்னை வயிற்றில் சுமந்தேன். மாதா மாதம் அவர் என் நெஞ்சையும் உன் நெஞ்சையும் கேட்பார். பேற்றுக்கு மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டர்கள் கண் முன்னால்தான் உன்னைப் பெற்றேன். ஒன்று போதும் என்றார் டாக்டரம்மா. உன் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு ஏன் தம்பி தங்கை இல்லை என்று நீ சின்னதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். அதற்குப் பதில் இதுதான். நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் தீபாவளி முடிந்து வேலை குறைகிற நாட்களில் சண்முகத்தாய் மதினி பஸ் ஏறி இங்கே வந்துவிடுவாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவாள். நீ அவளிடம் இருந்தால் என்னிடம் வர மாட்டாய்.

அந்த நாட்களில் அவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கம்பெனியில் எவளாவது மூச்சு வாங்கி நின்றால், கால் வீங்கி உட்கார்ந்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்விடுவாள். ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் விடமாட்டாள், மருந்து வாங்கிக் கொடுத்தாயா என்று தாய்க்காரியைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனால் தன் மாத்திரையை மட்டும் எப்போதோ விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியவந்தபோது சண்டை போட்டேன். கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஒனக்குச் சத்தம் கெட்டுப்போச்சு, ஊரே கேட்டுச்சு. எனக்கு என்ன செய்யுது? நல்லாத்தான இருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் செய்யவில்லைதான். வலி இல்லை, இளைப்பு இல்லை. சுமை தூக்குவாள், நடப்பாள், சத்தமாகச் சிரிப்பாள். திருத்தங்கலுக்குப் போய் வந்தால் ஒரு நாள் வேலை போகும். சீசனில் யார் போவார்கள்?

நீ பள்ளிக்கூடம் சேருவதற்கு முந்தைய தீபாவளி சீசன் அது. மத்தியானம் சரம் பின்னிக்கொண்டிருந்தவள் கை வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதே வாய் கோணி, சரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கம்பெனி வேனில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். நான் சாத்தூரிலிருந்து உன்னையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண் திறந்து என்னைப் பார்த்தாள், பேச்சு இல்லை. வலது கை கட்டிலிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்து வைத்தேன். சில நாளில் போய்விட்டாள். நீ வெகு காலம் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாய்.

டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது இது. "உன் நோய் உனக்கு மூச்சு வாங்க வச்சுக் காட்டிக்கொடுத்துது. இவ நோய் வாய் திறக்காத நோய். கையில பட்டையைக் கட்டிப் பாத்தா மட்டும்தான் தெரியும்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு டாக்டரம்மா கம்பெனிக்குப் போனார். நானும் போனேன். வானத்தில் மேகமே இல்லை. தீபாவளிக்குக் கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்தது. அவர் முதலாளியிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சரம் பின்னுகிற அறை வாசலில் போய் நின்றார். உள்ளே இருந்த பெண்கள் அவரைப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி பின்னிய சரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு இன்னொருத்தி எழுந்தாள். அறை முழுவதும் எழுந்து வந்து, வேப்பமரத்து நிழலில் வரிசையாக உட்கார்ந்து, சட்டைக்கையை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். லாரி பாதி ஏறியபடி நின்றது. முதலாளி வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய், டாக்டரம்மாவுக்கு ஒரு நாற்காலியைத் தன் கையாலேயே எடுத்து வந்து போட்டார்.

ராசா, உன் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது என்று தெரியும். ஆர்டர் நிற்கிறது, ஆள் போதவில்லை என்று அப்பாவிடம் நீ சொன்னதும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். பைண்டிங் பெண்களுக்கு ஒரு வேலை நாளை விட்டுக்கொடு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அவர்களுக்கு வீட்டு வேலை இருக்கும், வர மாட்டார்கள். நல்ல டாக்டராகப் பார்த்துக் கூட்டி வா. எல்லோருக்கும் கையில் பட்டை கட்டி ரத்தக்கொதிப்பு பார்க்கச் சொல். நெஞ்சை நிதானமாகக் கேட்கச் சொல். நோய் இருந்தாலும் யாரையும் நிறுத்தமாட்டேன் என்று நீயே அவர்கள் முன்னால் நின்று சொல். முகத்தைப் பார்த்துச் சொல். மாத்திரை எழுதிக்கொடுத்தால் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், சாப்பிடுகிறார்களா என்று கேள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறவளை இன்னொரு தடவை கேள். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அதுகளுக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு விட்டுவிடாதே.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று உன் மனைவியிடம் சொல். வருஷா வருஷம் மதுரைக்குப் போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை ஒரு வாளித் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். உன் அப்பா கீழே நின்று, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. மேலே போய் எல்லாத் துணியையும் காயப்போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கி வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் அம்மா